பச்சைத் தீவனமே உயிர்: கினிப்பன்றி வளர்ப்போர் அறிய வேண்டியவை

முயலுக்கு உள்ளது போல் நீண்ட காது இல்லை. எலிக்கு உள்ளது போல் வாலும் இல்லை. மொழுமொழுவென்று, வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு நிறங்கள் கலந்து காணப்படும் கினிப்பன்றியைச் செல்லப் பிராணிகள் விற்கும் கடைகளில் பலர் பார்த்திருக்கலாம். 'கினி பிக்' என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று ஒரு ஜோடியை வாங்கிச் செல்வோர் கிராமங்களிலும் உண்டு.

வாங்கி வந்த மூன்று, நான்கு வாரங்களில் ஒன்று மூலையில் ஒடுங்கிவிடும். பின்னங்காலை இழுத்து நடக்கும். தீனி எடுக்காது. சில நாட்களில் இறந்துவிடும். ஏதோ தொற்று நோய் என்று எண்ணிக் கூண்டைக் கழுவி வெயிலில் காய வைப்பார்கள். ஆனால் இவ்வாறு இறப்பவற்றில் பலவற்றுக்கு வந்தது தொற்று நோய் அன்று, தீவனக் குறையே. கோழிக்கும் முயலுக்கும் கொடுக்கும் தானியத்தையும் தவிட்டையும் இதற்கும் கொடுத்ததன் விளைவு அது. கினிப்பன்றி வளர்ப்பில் முதலாவதாகவும் முக்கியமாகவும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

எந்த இனம்?

பெயரில் பன்றி என்று இருந்தாலும் இது பன்றி இனம் அன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதி. பெரு, பொலிவியா, ஈக்வடார் ஆகிய நாடுகளின் மலைவாழ் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை வீட்டில் வளர்த்து வருகிறார்கள். அங்கு இது இறைச்சிக்கான பிராணி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டினர் மூலம் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே செல்லப் பிராணி ஆயிற்று.

வளர்ந்த கினிப்பன்றி 700 கிராம் முதல் 1 கிலோ 200 கிராம் வரை எடை இருக்கும். முன்னங்காலில் நான்கு விரல்களும் பின்னங்காலில் மூன்று விரல்களும் உண்டு. வாயில் உள்ள 20 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நல்ல பராமரிப்பில் 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். ஆகவே இதை வாங்குவது ஒரு பண்டிகைக்கு விளையாட்டுப் பொருள் வாங்குவது போன்றது அன்று. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கித் தரும் பிராணியை, அக்குழந்தை ஏழாம் வகுப்புக்குச் செல்லும் வரையிலும் கவனிக்க வேண்டியிருக்கும்.

பசுந்தீவனம் ஏன் கட்டாயம்?

மாடு, ஆடு, கோழி, முயல் ஆகியவற்றின் உடல் தனக்கு வேண்டிய 'சி' வைட்டமினைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. மனிதனாலும் குரங்குகளாலும் அது முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. தின்னும் தீனியில் அச்சத்து வந்தாக வேண்டும். உடலில் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே நாள்தோறும் வந்தாக வேண்டும். மாடு கன்று வளர்த்துப் பழகிய விவசாயி இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார். வைக்கோலும் தவிடும் தின்று ஒரு பசு கோடையைக் கழித்துவிடும். கினிப்பன்றியால் கழிக்க முடியாது.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. நெடுங்காலம் கடலில் செல்லும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, மூட்டுகள் வலித்து உயிரைப் பறிக்கும் ஸ்கர்வி என்னும் நோய் வருவது உண்டு. 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டுமே தீனியாகக் கொடுத்தபோது, அவற்றுக்கும் அதே நோய் வந்ததைக் கண்டார்கள். பசுங்காய்களைச் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. பின்னர் 1932இல் 'சி' வைட்டமின் இன்னதென்று உறுதி செய்யப்பட்டதும் கினிப்பன்றிகளில் நடத்திய சோதனைகளின் மூலமே. மாலுமியைக் கொன்ற அதே குறைதான் நம் வீட்டுக் கூண்டில் உள்ள பிராணியையும் கொல்கிறது.

பச்சை கிடைக்காத கினிப்பன்றிக்கு இரண்டு, மூன்று வாரங்களில் அறிகுறிகள் தோன்றும். உரோமம் பொலிவிழந்து சிலிர்த்து நிற்கும். முட்டி வீங்கும். நடக்கத் தயங்கும். தூக்கினால் வலியால் கத்தும். ஈறில் ரத்தம் கசியும். பல் ஆடுவதால் தீனி எடுக்காது. இந்த நிலையிலும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி 'சி' வைட்டமின் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கொல்லையிலேயே மருந்து

கமண்டல நாகநதியின் பாசனமும் வாழைத் தோப்புகளும் உள்ள படவேட்டிலும், ஜவ்வாது மலையடிவாரத்தின் மற்ற ஊர்களிலும் இந்தச் சத்துக்காக ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவும் இருந்தால் போதும்.

ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை 'சி' வைட்டமின் தேவை. சினைப் பிராணிக்கு 30 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் முருங்கைக் கீரையில் சுமார் 220 மில்லிகிராமும், கொய்யாப் பழத்தில் சுமார் 210 மில்லிகிராமும், அகத்திக் கீரையில் சுமார் 170 மில்லிகிராமும், கொத்துமல்லித் தழையில் சுமார் 135 மில்லிகிராமும் உண்டு. நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆக, பத்து கிராம் முருங்கைக் கீரை, அதாவது ஒரு சிறு கைப்பிடி, ஒரு பிராணியின் ஒரு நாள் தேவையைத் தீர்த்துவிடும்.

கீரையை அன்றன்று பறித்துக் கொடுக்க வேண்டும். வாடி வதங்கிய கீரையிலும் உலர்த்திய இலைப் பொடியிலும் இச்சத்து பெருமளவு அழிந்துவிடும். முருங்கை நல்லது என்பதற்காகக் கட்டுக்கட்டாகப் போடுவதும் தவறு. முருங்கை, அகத்தி, குதிரை மசால் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளர்ந்த பிராணிக்கு இவற்றை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும். குட்டிகளுக்கும் சினைப் பிராணிக்கும் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அன்றாடத் தீவனம்

வயிற்றை நிரப்ப வேண்டியது புல்தான். அறுகம்புல், வரப்புப் புல், கினிப்புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் இளந்தோகை ஆகியவை ஏற்றவை. ஒரு கிலோ எடையுள்ள பிராணி நாளொன்றுக்குச் சுமார் 200 கிராம் பசும்புல் தின்னும். சற்றுக் கூடுதலாகவே போட்டு, மிஞ்சியதை மறுநாள் காலையில் எடுத்து மாட்டுக்குப் போட்டுவிடலாம். உலர்ந்த புல்லும் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். நார்மிக்க புல்லை ஓயாமல் அரைத்துத் தின்பதால்தான் வளரும் பற்கள் தேய்ந்து அளவாக நிற்கும். தவிட்டை மட்டும் தின்னும் பிராணிக்குப் பல் நீண்டு வளைந்து, வாயைத் திறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும்.

வாழை இலையையும் சிறிதளவு கிழித்துப் போடலாம், விரும்பித் தின்னும். அதில் சத்து குறைவு என்பதால் அதுவே தீவனமாகிவிடக் கூடாது. கேரட், வெள்ளரி, வாழைப்பழத் தோல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு, மூன்று நாள் ஒரு துண்டு கொடுக்கலாம். புதிய தீவனம் எதுவானாலும் ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். மழையில் நனைந்த புல்லை நிழலில் பரப்பி ஈரம் போன பிறகே கொடுக்க வேண்டும். இல்லையேல் வயிறு உப்பும்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். திறந்த சட்டியில் வைத்தால் அதிலேயே புழுக்கையிட்டு அழுக்காக்கிவிடும். கனமான சிறு மண்சட்டியை ஒரு செங்கல் உயரத்தில் வைத்து, நாள்தோறும் இருமுறை மாற்ற வேண்டும். தன் புழுக்கையில் சிலவற்றைத் தானே தின்பதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். மென்மையான புழுக்கையை மீண்டும் உண்டு அதிலுள்ள சத்தை எடுத்துக்கொள்வது இதன் இயல்பு.

கொடுக்கக் கூடாதவை

கீழ்க்கண்டவற்றை அறவே தவிர்க்க வேண்டும்:

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலை, மரவள்ளி இலை, இளஞ்சோளப் பயிர், அரளி, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி, சமைத்த சோறு, ரொட்டி, இனிப்பு, பால்.

கோழித் தீவனமும் ஆகாது. அதில் ரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கச் சேர்க்கும் மருந்துகள் இதற்கு நஞ்சாகலாம். நிலக்கடலைக் கொடியைக் கொடுப்பதானால் நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கொடியிலும் புண்ணாக்கிலும் உண்டாகும் நச்சைக் கினிப்பன்றி சிறிதும் தாங்காது. மருந்து தெளித்த வயலின் வரப்புப் புல்லையும், மருந்து அடித்த தோப்பின் வாழை இலையையும் கூண்டுக்குக் கொண்டு வரவே கூடாது.

கூண்டும் வெயிலும்

இரண்டு பிராணிகளுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள மரப்பெட்டி போதும். இது தாவி ஏறாது. ஆயினும் பாம்பு, பூனை, கீரி, நாய் ஆகியவற்றுக்குப் பயந்து மேலே நெருக்கமான கம்பி வலை மூடி போட வேண்டும். முயல் கூண்டைப் போல் அடியிலும் கம்பி வலை வைத்தால் பாதம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தட்டையான பலகைத் தரையே நல்லது. அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பரப்பி, நறுக்கிய மென்மையான வைக்கோலோ தச்சுப் பட்டறை மரச்சுருளோ போடலாம். நனைந்த இடத்தை நாள்தோறும் அகற்றி, வாரம் ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். அகற்றிய குப்பை எருக்குழிக்கு நல்ல சேர்க்கை.

பயந்தால் ஓடி ஒளிவது இதன் சுபாவம். ஒளிய இடமில்லாவிட்டால் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கும். கவிழ்த்து வைத்த உடைந்த பானையோ சிறு மரப்பெட்டியோ ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூண்டுக்குள் வேண்டும்.

இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. 18 முதல் 24 டிகிரி வெப்பமே இதற்கு உகந்தது. 30 டிகிரிக்கு மேல் போனால் தவிக்கும். திருவண்ணாமலை, வேலூர் பகுதிகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. தகரக் கொட்டகையில் வைத்த கினிப்பன்றி அன்றைய பிற்பகலைத் தாண்டாது. கீற்றுக் கொட்டகையோ மரத்தடியோ காற்றோட்டமான திண்ணையோதான் ஏற்ற இடம். கோடையில் கூண்டின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு அவ்வப்போது நனைத்து வர வேண்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்துப் படுத்துவிட்டால், உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் மலையடிவாரப் பனியும் வாடையும் தாக்காமல் படுதா தொங்கவிட வேண்டும்.

ஆணும் பெண்ணும்

தனியாக ஒன்றை வைத்தால் ஏங்கிப் போகும். இரண்டாகவே வாங்க வேண்டும். ஆனால் ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் ஒரு வருடத்தில் கூண்டு கொள்ளாமல் பெருகிவிடும். குட்டி வேண்டாம் என்பவர்கள் இரண்டு பெண்களை வாங்குவதே நல்லது. வளர்ந்த இரு ஆண்களை ஒரு பெண்ணுடன் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

சினைக்காலம் 59 முதல் 72 நாட்கள். ஒரு ஈற்றில் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள். எலிக்குட்டியைப் போல் கண் மூடி, உரோமம் இன்றிப் பிறப்பதில்லை. கண் திறந்து, உரோமத்தோடும் பல்லோடும் பிறந்து, ஓரிரு நாளில் புல்லையும் கொறிக்கத் தொடங்கிவிடும். மூன்று வாரம் தாய்ப்பால் குடிக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது: பெண் குட்டி ஐந்தாறு வாரத்திலேயே சினை பிடிக்கும் பருவத்தை அடைந்துவிடும். ஆகவே மூன்று வாரம் முடிந்ததும் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் பெண் குட்டிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். இரண்டாவது: ஏழு மாதத்திற்குள் ஒரு முறையாவது ஈனாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும். அதன் பிறகு சினையானால் குட்டி வெளிவர முடியாமல் தாயும் குட்டியும் மடியும். வயது தெரியாத பெண்ணை வாங்கி ஆணுடன் சேர்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம். ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் சினை பிடிக்கும் தன்மையும் இதற்கு உண்டு. எனவே ஈனும் தறுவாயில் ஆணை அகற்றிவிட வேண்டும்.

பென்சிலின் கூடாது

நோய்களில் அடிக்கடி காண்பது சொறி. உண்ணியினும் சிறிய, கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வரும் சொறியில் உரோமம் உதிர்ந்து, தாங்க முடியாத அரிப்பினால் பிராணி வலிப்பு வந்தது போல் துடிக்கும். வட்ட வட்டமாக உரோமம் கொட்டினால் அது படர்தாமரை. இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் குழந்தைகளைத் தொடவிடாமல் மருத்துவம் செய்ய வேண்டும். முயலின் மூச்சுக்குழலில் தங்கும் ஒருவகைக் கிருமி கினிப்பன்றிக்கு நுரையீரல் காய்ச்சலைத் தரும். ஆகவே முயலோடு ஒரே கூண்டில் வைக்கக் கூடாது.

எந்த நோயானாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது கூடவே கூடாது. மாட்டுக்கும் மனிதருக்கும் உயிர் காக்கும் பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவை கினிப்பன்றிக்கு எமனாகும். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, நச்சுக் கிருமி பெருகி, கழிச்சல் கண்டு சில நாளில் இறக்கும். 1940இல் ஆக்ஸ்போர்டில் பென்சிலினை முதன்முதலாகச் சோதித்தது சுண்டெலிகளில். அவை பிழைத்தன. கினிப்பன்றியை அது கொல்கிறது என்பது 1943இல் தெரிய வந்தது. முதல் சோதனையே கினிப்பன்றியில் நடந்திருந்தால் அம்மருந்தே கைவிடப்பட்டிருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் செல்லும்போதும் "இது கினிப்பன்றி" என்று சொல்லி, பிராணியையும் காட்டியே மருந்து வாங்க வேண்டும். ஒரு நாள் முழுதும் தீனி எடுக்காமல் இருந்தாலே ஆபத்து என்று கொண்டு, மறுநாள் வரை காத்திராமல் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்குச் சொல்லித் தர வேண்டியது

கினிப்பன்றி சாதாரணமாகக் கடிக்காது. புல் கட்டின் சலசலப்பைக் கேட்டதும் 'வீக், வீக்' என்று கூவி அழைக்கும். மகிழ்ச்சியில் இளங்குட்டிகள் நின்ற இடத்திலேயே துள்ளிக் குதிக்கும். அசையாமல் விறைத்து நின்றால் பயந்திருக்கிறது என்று பொருள். பல்லைக் கடகடத்தால் கோபம். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்புறத்திலும் இருக்க வேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறியலாம். ஆகவே சிறு குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வதே முறை. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வருமானம் கிடைக்குமா?

வேகமாகப் பெருகும் பிராணி என்பதால் இதைத் தொழிலாகச் செய்யலாமா என்ற எண்ணம் சிலருக்கு எழும். பெருவிலும், ஆப்பிரிக்காவில் கேமரூன், காங்கோ போன்ற நாடுகளிலும் ஏழைக் குடும்பங்கள் இறைச்சிக்காக இதை வளர்ப்பது உண்மை. நம் பகுதியில் இதன் இறைச்சியை உண்ணும் வழக்கமோ அதற்கான சந்தையோ இல்லை.

ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிரூபித்த நாள் தொட்டு, மருத்துவ ஆய்வில் கினிப்பன்றிக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மாடுகளுக்குப் போடும் சப்பை நோய்த் தடுப்பூசியின் வீரியத்தைக்கூட இதில்தான் சோதித்து வந்தார்கள். அத்தகைய கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் நிலையம், நமக்கு அருகிலுள்ள ராணிப்பேட்டையில் 1932ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆனால் ஆய்வுக்கூடங்கள் கண்டவரிடம் பிராணிகளை வாங்க முடியாது. 1998ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த விதிகளின்படி, அதற்கெனப் பதிவு செய்துகொண்ட வளர்ப்பாளர்களே அளிக்க முடியும். செல்லப் பிராணிக் கடை நடத்துவதற்கும் 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு வேண்டும்.

"குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், முதலில் ஜோடிக்குப் பணம் கட்டுங்கள்" என்று எவரேனும் வந்தால் 2012ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது, நிலத்தையும் நகையையும் நம்பிக் கொடுத்தவர்களுக்குப் பணமும் போயிற்று. தீனியின்றி ஈமுக்களும் மடிந்தன. வாங்குவோர் யார், உண்ணுவோர் யார் என்று தெரியாத பிராணியில் முதல் போடுவது விவசாயிக்கு ஆகாது. வீட்டுத் தேவைக்கு மேல் பெருகும் சில குட்டிகளை, வளர்க்கத் தெரிந்த அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம்.

வாங்கும் முன்

கண்ணும் மூக்கும் உலர்ந்து தூய்மையாக இருக்கிறதா, ஆசனவாய்ப் பகுதியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, உரோமம் அடர்த்தியாக உள்ளதா, தரையில் விட்டால் நொண்டாமல் ஓடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கடையில் இதுவரை என்ன தீனி கொடுத்தார்கள் என்று கேட்டறிய வேண்டும். கூண்டின் அருகில் தானியத்தைத் தவிர வேறொன்றும் காணப்படவில்லையெனில், அப்பிராணி ஏற்கெனவே சத்துக் குறைவோடு இருக்கக்கூடும். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே சிறிது கொய்யாத் துண்டோ முருங்கைக் கீரையோ கொடுத்துத் தொடங்க வேண்டும்.

காலையில் ஒரு கை புல், மாலையில் ஒரு கை புல், நடுவில் ஒரு பிடி கீரை, நல்ல தண்ணீர், நிழல் இவ்வளவுதான் இதற்கு வேண்டியவை. இவற்றை ஒரு நாளும் தவறாமல் செய்ய வீட்டில் ஆள் உண்டு என்றால் மட்டுமே கினிப்பன்றியை வாங்க வேண்டும்.